[கலைச்சொல்] பெரிய ஆலைகளை மேசைக்குள் அடக்கும் முறைக்கு ஒரு சொல்

அனுப்புநர்: கையேட்டின் மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் வணக்கம்.

மாதிரி ரயில் கையேடு முடியும் தறுவாயில் இருக்கிறது. பெரிய தொழிற்சாலைகளைக் கட்டுவது பற்றிய இயல் மட்டும்தான் பாக்கி. வெள்ளிக்கிழமைக்குள் கலைச்சொல் பட்டியலை ஒப்படைக்க வேண்டும். மற்றவற்றுக்கு ஏதோ வழி கிடைத்துவிட்டது. ‘செலக்டிவ் கம்ப்ரஷன்’ மட்டும் நகர மறுக்கிறது.

இந்தப் பொழுதுபோக்கில் பழக்கம் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹெச்ஓ அளவில் எல்லாமே 87-இல் ஒரு பங்கு. 600 மீட்டர் நீளமுள்ள உருட்டாலையை (எஃகை உருளைகளுக்கு நடுவே அழுத்தித் தகடாக்கும் ஆலை) அந்தக் கணக்கில் கட்டினால் மாதிரி ஏறத்தாழ 6.9 மீட்டர் வரும். ‘என்’ அளவுக்கு, அதாவது 160-இல் ஒரு பங்குக்கு இறங்கினாலும் 3.75 மீட்டர். யார் வீட்டிலும் இடம் இருக்காது. அதனால் கட்டுபவர்கள் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் பகுதிகளை விட்டுவிடுகிறார்கள், நீளத்தையும் உயரத்தையும் கொஞ்சம் கொஞ்சம் குறைக்கிறார்கள். ஆனால் கதவு, ஏணி, கைப்பிடிக் கம்பி எல்லாம் 87-இல் ஒரு பங்காகவே நிற்கும். 2.1 மீட்டர் கதவு 24 மில்லிமீட்டர்தான், அதில் கைவைக்கக் கூடாது. பார்ப்பவர் கண்ணுக்கு அது உருட்டாலையாகவே படவேண்டும்.

‘தெரிவுச் சுருக்கம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை. ‘87 மடங்கு சுருக்கம்’ என்று முதல் இயலிலிருந்தே எழுதி வந்திருக்கிறேன். இப்போது ஒரே பக்கத்தில் இரண்டு சுருக்கங்கள் மோதுகின்றன. உதவுங்கள்.

---

அனுப்புநர்: புலவர்

அம்மா,

இதற்குப் புதுச்சொல் எதற்கு? இலக்கணத்திலேயே இருக்கிறது. ஒருமொழி மூன்று இடத்தில் குறையும் என்கிறது நன்னூல். தாமரை ‘மரை’ ஆவது முதற்குறை, ஓந்தி ‘ஓதி’ ஆவது இடைக்குறை, நீலம் ‘நீல்’ ஆவது கடைக்குறை. எழுத்துதான் குறைகிறது, பொருள் குறைவதில்லை. நீங்கள் விவரிக்கும் வேலையும் இதுவேதான். ஆலையின் இரண்டு முனைகளையும் வைத்துக்கொண்டு நடுவில் உள்ள அங்கணங்களை எடுத்துவிடுகிறார்கள். ஆகவே ‘இடைக்குறை’. ‘இடைக்குறைக் கட்டடம்’ என்று சொல்லிப் பாருங்கள், எவ்வளவு கச்சிதமாக உட்காருகிறது!

அங்கணம் என்ற சொல்லையும் வேண்டுமென்றேதான் போட்டேன். இரு தூண்களுக்கு நடுவே உள்ள இடத்துக்கு அது நல்ல பழஞ்சொல். ‘பே’ என்று வரும் இடத்திலெல்லாம் கையேட்டில் அதையே போடலாம். முற்றம் என்றும் கழிவுநீர் போகும் இடம் என்றும் வேறு பொருள்கள் உண்டு என்று யாராவது சொல்வார்கள். இடம் நோக்கிப் பொருள் கொள்வது தமிழருக்குப் புதிதல்ல.

---

அனுப்புநர்: பள்ளி ஆசிரியை

புலவர் ஐயாவுக்கு வணக்கம். ஒப்புமை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வகுப்பில் இடைக்குறை நடத்தும்போது மாதிரி ஆலைப் படத்தைக் காட்டலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் எதிர்த்திசையில் இது வேலை செய்யாது. என் மாணவர்கள் ஃபோம் பலகையில் சிமெண்ட் ஆலை செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் “இதை இடைக்குறையாகக் கட்டு” என்றால், கட்டடத்தில் ஏதோ குறைபாடு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். குறை என்றதும் இன்று காதில் விழுவது குற்றம்குறைதான்.

எனக்கு வேண்டியது, கேட்டதும் கை என்ன செய்ய வேண்டும் என்று தெரியும் சொல். ‘விட்டுச் சுருக்கல்’ எப்படி? எதையோ விடு, மிச்சத்தைச் சுருக்கு. பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படாது.

---

அனுப்புநர்: ஆலைப் பொறியாளர்

உருக்காலையில் வேலை பார்த்தவன், இப்போது வீட்டில் அதையே 87-இல் ஒரு பங்காகக் கட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சில விஷயங்கள். சொல் எதுவானாலும் வேலையைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

இடைக்குறை உருட்டாலைக்குப் பொருந்தும். அது நீளமான கொட்டகை. தூண், தகரச்சுவர், கூரைக் காற்றுப்போக்கி எல்லாம் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வரும். முப்பது அங்கணத்தில் ஏழு இருந்தால் போதும், கண் மிச்சத்தை நிரப்பிக்கொள்ளும். அதிலும் ஒற்றைப்படையாக வைப்பது நல்லது. ஆறு வைத்தால் நடுவில் தூண் வந்து நின்று கட்டடத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டும்.

தாதுவை உருக்கி இரும்பாக்கும் ஊதுலை அப்படியல்ல. அதில் ‘இடை’ என்று ஒன்றுமே கிடையாது. உலை, அதன் பக்கத்தில் காற்றைச் சூடாக்கும் உருளைகள், தாதுவை மேலே ஏற்றும் சாய்வுப் பாதை, உச்சியிலிருந்து வாயுவைக் கீழே இறக்கும் தடித்த குழாய், தூசி பிடிக்கும் கலம், இரும்பு வடிக்கும் கூடம். ஒவ்வொன்றும் தனித்தனி உறுப்பு. எதை எடுத்தாலும் ஆலை ஓடாது. சூடாக்கும் உருளைகள் வழக்கமாக மூன்று அல்லது நான்கு இருக்கும். ஒன்று உலைக்குச் சூடான காற்றைக் கொடுக்கும்போது மற்றவை வாயுவை எரித்துச் சூடேறிக்கொண்டிருக்கும், பிறகு முறை மாறும். இடம் போதவில்லை என்று நான்கை மூன்றாக்கலாம். ஒன்றே ஒன்று என்று வைத்தால் விவரம் தெரிந்தவர் கண்ணை உறுத்தும். ஆக இங்கே நாம் எடுப்பதில்லை, ஒவ்வொன்றையும் பருமனில் குறைத்து நெருக்கி வைக்கிறோம்.

புகைபோக்கியும் அப்படித்தான். 60 மீட்டர் என்றால் 69 சென்டிமீட்டர் வரவேண்டும், பலரும் 40-இல் நிறுத்திக்கொள்கிறார்கள். அது எந்தக் குறை? முதலா, இடையா, கடையா?

குறைக்கவே முடியாதவையும் உண்டு. வண்டி நுழையும் வாயில், தண்டவாளங்களுக்கு நடுவே விடும் இடைவெளி, வளைவின் ஆரம். வாயில் அழகாகச் சின்னதாக இருக்கிறதே என்று விட்டால் முதல் வண்டியே இடித்து நிற்கும். அந்தத் தேர்ந்தெடுப்புதான் இந்தக் கலையின் உயிர். சொல்லில் அது இருந்தாக வேண்டும்.

நேரில் பார்க்க வாய்ப்புள்ளவர்கள் ஜெர்மனியின் ஃபோல்க்லிங்கன் இரும்பாலையைப் பாருங்கள். 1986-இல் உலைகள் நின்றுவிட்டன, 1994-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆனது. ஆறு ஊதுலைகள் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஆறையும் ஒருவர் மாதிரியில் கட்டப்போவதில்லை, இரண்டு கட்டினாலே ‘வரிசை’ என்பது புரிந்துவிடும். புலவர் ஐயா சொல்வது அங்கே மட்டும் அழகாகப் பொருந்துகிறது.

என் வாக்கு: ‘செலக்டிவ் கம்ப்ரஷன்’ என்றே போட்டு அடியில் விளக்கம் கொடுங்கள்.

---

அனுப்புநர்: புலவர்

பொறியாளர் தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஊதுலை பற்றிச் சொன்னது முழுக்க நியாயம். ஆகவே இடைக்குறையைத் திரும்பப் பெறாமல் கொஞ்சம் அகலப்படுத்துகிறேன்.

செய்யுள் விகாரம் ஆறில் ‘குறுக்கல்’ இருக்கிறது. அதைவிடப் பொருத்தமானது சார்பெழுத்தில் வரும் குறுக்கம். ஐகாரத்துக்கு மாத்திரை இரண்டு. சொல்லின் முதலில் வந்தால் ஒன்றரை, இடையிலும் கடையிலும் ஒன்று. மாத்திரைதான் குறைகிறது, எழுத்து ஐகாரமாகவேதான் நிற்கிறது. உறுப்பு மாறாமல் அளவு மட்டும் குறைவது! தம்பி சொன்ன ஊதுலை இதுதானே? எந்த இடத்தில் எவ்வளவு குறையும் என்பதும் விதிப்படி நடக்கிறது, எல்லா இடத்திலும் ஒரே அளவு இல்லை. அந்தத் தேர்வும் உள்ளே இருக்கிறது.

தேர்ந்து குறுக்குவதால் ‘தேர்குறுக்கம்’. வினைத்தொகை. நடுவில் ஒற்று மிகாது.

குறு என்ற வேரைப் பாருங்கள். குறில், குறள், குறுகு, குறுக்கு, குற்றியலுகரம். ஆசிரியை அம்மா வருத்தப்பட்ட ‘குறை’யும் இதே குடும்பம் என்பது என் கருத்து. சங்கப் பாட்டில் ‘கொழுங்குறை’ என்றால் கொழுத்த இறைச்சித் துண்டு. வெட்டப்பட்டது குறை. பழுது என்ற பொருள் பிறகு ஏறியது. இழந்த பொருளை மீட்டுக் கொடுப்பதும் கலைச்சொல்லின் கடமைதான்.

---

அனுப்புநர்: அகராதித் தொகுப்பாளர்

புலவர் ஐயாவின் மேல் உள்ள மதிப்போடு இரண்டு மறுப்புகள்.

ஒன்று, குறைந்தாலும் பொருள் மாறாது என்பது இலக்கணத்தில் சரி, வழக்கில் சரியில்லை. தாமரையை மரை ஆக்கினால் மானா, திருகாணியின் மரையா, பூவா என்று இடம் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஓதி என்றால் கூந்தலும் ஆகும். கட்டடத்திலும் இந்த ஆபத்து இருக்கிறது என்பதால்தான் சொல்கிறேன். வரிசையில் நிற்கும் தானியக் கலங்களில் அளவுக்கு மேல் எடுத்துவிட்டால் மிஞ்சுவது தண்ணீர்த் தொட்டி மாதிரி தெரியும். எதுவரை குறைக்கலாம் என்ற எல்லையை இந்தச் சொல் எதுவும் சொல்லவில்லை.

இரண்டு, ‘தேர்குறுக்கம்’. ஒற்று மிகாததால் வினைத்தொகை என்று நீங்களும் நானும் அறிவோம். படிப்பவர் தேரைத்தான் பார்ப்பார். அச்சிடுபவர் தாமாகவே ஒரு ‘க்’ சேர்த்து ‘தேர்க்குறுக்கம்’ ஆக்குவார். அப்புறம் அது தேரைக் குறுக்குவதாகவே ஆகிவிடும்.

பொறியாளர் சொன்ன கடன்சொல்லும் எனக்கு உடன்பாடில்லை. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்குக்கும் தொல்காப்பியர் இடம் கொடுத்தார், உண்மை. ரயில், ஃபோம், சிமெண்ட் எல்லாம் வரட்டும், அவை பொருள்களின் பெயர்கள். இது ஒரு சிந்தனையின் பெயர். சிந்தனைக்குக் கடன் வாங்கினால் அதை வைத்து மேலே வாக்கியம் கட்ட முடியாது. ‘செலக்டிவ் கம்ப்ரஷன் செய்யப்பட்ட உருட்டாலை’ என்று எழுதிப் பாருங்கள். ‘குறுக்கிய உருட்டாலை’ என்பது எவ்வளவு இலகு!

---

அனுப்புநர்: மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்

சுருக்கமாக ஒன்று. கோப்புகளை அமுக்கிச் சிறிதாக்குவதற்கு ‘சுருக்கம்’ ஏற்கனவே புழங்குகிறது. அதை இங்கே தவிர்ப்பது நல்லது. ‘குறுக்கம்’ இன்னும் காலியாக இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

---

அனுப்புநர்: பள்ளி ஆசிரியை

இன்று வகுப்பில் மூன்று சொற்களையும் பலகையில் எழுதி, எது என்ன செய்யச் சொல்கிறது என்று கேட்டேன். ‘விட்டுச் சுருக்கல்’ உடனே புரிந்தது. ‘இடைக்குறை’ புரியவில்லை. ‘தேர்குறுக்கம்’ என்றதும் தேர்தான் வந்தது, அகராதித் தொகுப்பாளர் சொன்னது போலவே. ‘குறுக்கம்’ என்று தனியாகச் சொன்னபோது ஒரு மாணவி, “ரோட்டுக்குக் குறுக்கே கட்டுவதா?” என்று கேட்டாள். குறுக்கு என்பது இன்று பிள்ளைகளுக்குத் திசையாகிவிட்டது. இதையும் யோசிக்க வேண்டும்.

பொறியாளர் சொன்ன ஒற்றைப்படைக் கணக்கைச் செய்து பார்த்தோம். ஐந்து அங்கணம் வைத்த சிமெண்ட் ஆலை ஆறு வைத்ததைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அதற்குத் தனியாக நன்றி.

---

அனுப்புநர்: ஆலைப் பொறியாளர்

ஆசிரியை அம்மா, அதைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். இன்னொன்றும் செய்து பாருங்கள். ஆலையின் பின்பக்கத்தை முழுதாகக் கட்டாமல், முன்சுவரையும் சில சென்டிமீட்டர் ஆழத்தையும் மட்டும் கட்டிப் பின்திரையோடு ஒட்டி நிறுத்துங்கள். பெரிய ஆலைகளுக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. மேல்விளிம்பு ஒரே நேர்கோடாக இருக்க வேண்டாம். ஒரு தொட்டியோ குழாயோ ஏறி இறங்கினால் தட்டையாக இருப்பது தெரியாது.

இந்த வகைக்குக் கையேட்டில் என்ன பெயர்?

---

அனுப்புநர்: கையேட்டின் மொழிபெயர்ப்பாளர்

அதற்கு ‘புடைப்புக் கட்டடம்’ என்று வைத்திருக்கிறேன். புடைப்புச் சிற்பம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் சிரமம் இல்லை. அதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நம்புகிறேன், இருந்தாலும் தனி இழையில் எழுதுங்கள்.

முதல் சொல்லுக்கு வருகிறேன். நாளை கோப்பு போகிறது. அளவுகோலின்படி ஒரே சீராகக் குறைவதைச் ‘சுருக்கம்’ என்றே விடுகிறேன். செலக்டிவ் கம்ப்ரஷனுக்கு ‘தெரிவுக் குறுக்கம்’. வினையாக வரும்போது ‘குறுக்கிக் கட்டுதல்’. முதல் முறை வரும் இடத்தில் “திரும்ப வருவதை விட்டு, மிச்சத்தைக் குறுக்கிக் கட்டுவது” என்று ஒரு வரி சேர்க்கிறேன். ஆசிரியையின் சொல் விளக்கத்துக்குள் வந்துவிடுகிறது. அங்கணத்தையும் எடுத்துக்கொண்டேன். புலவர், அகராதித் தொகுப்பாளர், மென்பொருள் நண்பர் மூவரும் குறுக்கத்தின் பக்கம் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்.

---

அனுப்புநர்: புலவர்

என்னைக் கணக்கில் சேர்த்தது சரி. ‘தெரிவு’ மட்டும் உறுத்துகிறது. ‘தேர்’ இருக்க வேண்டிய இடம் அது. அடுத்த பதிப்பில் பார்ப்போம்.

---

அனுப்புநர்: பள்ளி ஆசிரியை

நான் வகுப்பில் ‘விட்டுச் சுருக்கல்’ என்றே சொல்லப்போகிறேன். கையேட்டைப் படிக்கும்போது இரண்டும் ஒன்று என்று சொல்லிக்கொடுப்பேன்.

---

அனுப்புநர்: ஆலைப் பொறியாளர்

எனக்கு இன்னும் உடன்பாடு வரவில்லை, பதிவுக்காக எழுதுகிறேன். தெரிவு என்றால் எதைக் குறுக்குவது என்ற தெரிவு என்றுதான் படிப்பவர் நினைப்பார். மேசை முன்னால் நிற்கும்போது நான் தேர்ந்தெடுப்பது எதைக் குறுக்கக் கூடாது என்பதை. வாயில், ஏணி, அந்த மூன்று உருளைகள், இறங்கும் குழாய். இவற்றை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் அளவுகோலையே எடுக்கிறேன். அதைச் சொல்லும் சொல் இந்த இழையில் யாரிடமிருந்தும் வரவில்லை.

விளக்க வரியில் “கதவு, ஏணி, வண்டி வாயில் குறையாது” என்பதையாவது சேர்த்துவிடுங்கள். கோப்பு போவதற்குள் முடிந்தால்.