மல்டிபாத்தில் எல்லாப் பாதையும் ‘ஆக்டிவ்’, ஆனால் ஐஸ்கஸி வட்டு நடுநடுவே நின்றுவிடுகிறது

தென்காசி_சர்வர்:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு தனியார் மருத்துவமனையில் சர்வர், நெட்வொர்க், பிரிண்டர் எல்லாமே என் பொறுப்பு. ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் பேக்ஸ் சர்வரும், நோயாளிப் பதிவு டேட்டாபேஸும் இரண்டு கண்ட்ரோலர் உள்ள ஒரு ஸ்டோரேஜ் பெட்டியில் இருக்கின்றன. சர்வர்கள் லினக்ஸ். நடுவில் 10 கிகாபிட் சுவிட்ச் இரண்டு. ஒவ்வொரு சர்வரிலிருந்தும் இதற்கு ஒரு கேபிள், அதற்கு ஒரு கேபிள். ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியாக வட்டைத் தருவது), மல்டிபாத் (ஒரே வட்டுக்குப் பல பாதை), ரவுண்ட் ராபின் (பாதைகளை மாறிமாறிப் பயன்படுத்துவது).

போன வாரம் இரண்டாவது சுவிட்ச் கெட்டுப்போய், வாரன்ட்டியில் அதே மாடல் புதிதாக வந்தது. சர்வீஸ் ஆள் வந்து மாட்டினார், விலேன் (ஒரே சுவிட்ச்சுக்குள் பிரிக்கும் தனி நெட்வொர்க்) எண்களைப் போட்டார், எல்லா விளக்கும் பச்சை என்று காட்டிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து சிடி ஸ்கேன் படங்கள் சேமிக்கும்போது அரை நிமிடம், சில சமயம் அதற்கு மேலும் அப்படியே நிற்கிறது. பிறகு தானாக ஓடுகிறது. டேட்டாபேஸும் அவ்வப்போது திணறுகிறது. ரேடியாலஜியிலிருந்து போன் மேல் போன். ஸ்ட்ரோக் நோயாளியின் படத்துக்காக டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், வயிறு கலங்குகிறது.

‘மல்டிபாத் -எல்எல்’ போட்டால் நான்கு பாதையும் ‘ஆக்டிவ் ரெடி ரன்னிங்’. கெர்னல் லாக்கில் மட்டும் ‘பிங் டைம்அவுட் ஆஃப் 5 செக்ஸ் எக்ஸ்பயர்டு’, அடுத்த வரியில் ‘டிடெக்டட் கான் எரர் (1011)’ என்று மாறிமாறி வருகிறது. ஸ்டோரேஜ் சப்போர்ட்டைக் கேட்டால் நெட்வொர்க் கோளாறு என்கிறார்கள். சுவிட்ச் ஆளைக் கேட்டால் போர்ட்டில் சிஆர்சி எரர் (வழியில் சிதைந்த தரவு) ஒன்றுகூட இல்லை, ஸ்டோரேஜைப் பாருங்கள் என்கிறார். எங்கே தொடங்குவது?

கேபிள்_குமாரு:

நண்பரே, ஐஸ்கஸி அமைப்புக் கோப்பில் ‘ரீப்ளேஸ்மென்ட் டைம்அவுட்’ எவ்வளவு என்று பாருங்கள். வழக்கமாக 120 விநாடி இருக்கும். மல்டிபாத் இருக்கும் இடத்தில் அது ரொம்ப அதிகம். 15க்கு இறக்குங்கள், உறைவது நின்றுவிடும்.

வட்டறை_மல்லிகா:

தம்பி, குமாரு சொன்ன 15 நல்ல அமைப்புதான், நானும் அப்படித்தான் வைப்பேன். ஆனால் உங்கள் கோளாறு அதனால் தீராது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அந்த டைமர் எப்போது வேலை செய்யும்? இணைப்பு அறுந்து, மறுபடி லாகின் ஆக முடியாமல் தவிக்கும்போது. உங்களுக்கு லாகின் ஒவ்வொரு தடவையும் ஆகிவிடுகிறது. உங்கள் லாக் சொல்லும் கதை இது: இணைப்பு வருகிறது, தரவு போகிறது, சிக்குகிறது, 5 விநாடியில் பிங்குக்குப் பதில் வரவில்லை என்று இணைப்பை அறுக்கிறது, உடனே மறுபடி லாகின். பழையபடி அதே பாதையில் அதே தரவை அனுப்பப் பார்க்கிறது. டைமர் முடிவுக்கே வராது.

புது சுவிட்ச்சில் எம்டியூ (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு, பைட்டில்) ஃபேக்டரி அளவிலேயே, அதாவது 1500லேயே இருக்கிறது என்பது என் கணிப்பு. சர்வரிலும் ஸ்டோரேஜ் போர்ட்டிலும் 9000 போட்டிருப்பீர்கள். கெட்டுப்போன சுவிட்ச்சில் யாரோ முன்பே ஜம்போ ஃபிரேமைத் (1500ஐத் தாண்டும் பொட்டலம்) திறந்து வைத்திருப்பார்கள். புதுப் பெட்டி ஃபேக்டரி அமைப்போடு வந்திருக்கும். சர்வீஸ் ஆள் விலேன் போட்டார், எம்டியூவைத் தொடவில்லை.

லாகின் பாக்கெட் சின்னது, போய்விடும். மல்டிபாத் பாதை உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் ‘டெஸ்ட் யூனிட் ரெடி’யும் சின்னது, அதுவும் போய்விடும். அதனால்தான் நான்கும் ‘ரெடி’. ஒரு 4 கேபி பிளாக்கை எழுதப் போனால் ஃபிரேம் 1500ஐத் தாண்டும். சுவிட்ச் அதைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். ரவுட்டராக இருந்தால் ‘பெரிசாக இருக்கிறது, துண்டாக்கு’ என்று ஐசிஎம்பி என்ற செய்தி முறையில் திருப்பிச் சொல்லும். லேயர் 2 சுவிட்ச் அப்படி எதுவும் சொல்லாது. இரு முனையும் 9000 என்று நம்பிக்கொண்டிருப்பதால் டிசிபி அதே பெரிய பொட்டலத்தையே திரும்பத் திரும்ப அனுப்பும். அதன் பின்னால் வரிசையில் நிற்கும் ஐஸ்கஸி பிங்கும் போக முடியாது. உங்கள் லாக்கில் வரும் 5 விநாடி டைம்அவுட் அதுதான்.

சிஆர்சி எரர் இல்லை என்று அவர் சொன்னது உண்மையாகவே இருக்கும். கேபிள் போன்றவற்றில் பழுது இருந்தால்தான் சிஆர்சி ஏறும். அவரிடம் அளவு மீறிய ஃபிரேம்களை எண்ணும் ‘ஜயன்ட்ஸ்’ அல்லது ‘ஓவர்சைஸ்’ என்ற கவுண்ட்டரைக் காட்டச் சொல்லுங்கள். சில மாடல்களில் அது தனி வரியாக இருக்கும்.

யாரையும் கேட்காமல் நீங்களே சோதிக்கலாம். சர்வரிலிருந்து ஸ்டோரேஜின் ஒவ்வொரு போர்ட் ஐபிக்கும் பிங் போடுங்கள், ஆனால் வெறும் பிங் அல்ல. துண்டாக்கக் கூடாது என்ற ‘-எம் டூ’ (-M do), அளவுக்கு ‘-எஸ் 8972’ (-s 8972), எந்த நெட்வொர்க் கார்டு வழியாக என்பதற்கு ‘-ஐ’ (பெரிய எழுத்து -I). 9000இல் ஐபி தலைப்புக்கு 20, ஐசிஎம்பி தலைப்புக்கு 8 போனால் மீதி 8972. முதல் சுவிட்ச் வழியாகப் பதில் வந்து, இரண்டாவது வழியாக வராவிட்டால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை. அதே இடத்தில் 1472 போட்டால் பதில் வரும். அந்த இரண்டு வெளியீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர்களுக்கு அனுப்புங்கள்.

இப்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அந்தச் சுவிட்ச் வழியாகப் போகும் ஐஸ்கஸி ஸெஷன்களை எல்லாச் சர்வரிலும் லாக்அவுட் செய்துவிடுங்கள். அதற்கு முன் முதல் சுவிட்ச் வழியான இரண்டு பாதையிலும் 8972 பிங் போகிறது என்று உறுதி செய்யுங்கள், அது முக்கியம். ஒரு கால் கொஞ்ச நேரம் தூக்கியிருக்கும், ஆனால் டாக்டருக்குப் படம் வந்துவிடும். சிகிச்சை காத்திருக்கும் இடத்தில், அரைகுறையாக இருக்கும் பாதை செத்த பாதையைவிட மோசம். செத்ததை மல்டிபாத் ஒதுக்கிவிடும். இதை ஒதுக்கும், பத்து விநாடிக்குள் மறுபடி சேர்த்துக்கொள்ளும்.

தென்காசி_சர்வர்:

அக்கா, இரண்டாவது சுவிட்ச் வழியாக 8972 ஒன்றுகூடத் திரும்பவில்லை, 1472 திரும்புகிறது. முதல் சுவிட்ச்சில் எல்லாம் சரி. ஸெஷன்களை லாக்அவுட் செய்தேன், லாக் அமைதியாகிவிட்டது. ரேடியாலஜியும் அமைதி. சுவிட்ச் ஆள் இன்று இரவு ஓபி முடிந்ததும் வருகிறார். என்ன அளவு போடச் சொல்ல?

இன்னொன்றும் கேட்க வேண்டும். இரண்டு கண்ட்ரோலரின் மேனேஜ்மென்ட் போர்ட்டும் ஆபீஸ் நெட்வொர்க்கில்தான் மாட்டியிருக்கின்றன. பில்லிங் கவுண்ட்டர் கணினியிலிருந்தே ஸ்டோரேஜின் லாகின் பக்கம் திறக்கிறது. எஸ்என்எம்பி (கருவிகளைக் கண்காணிக்கும் நெறி) கம்யூனிட்டி, அதாவது கடவுச்சொல் போன்ற பெயர், ‘பப்ளிக்’. இப்படியே விடலாமா?

வட்டறை_மல்லிகா:

சுவிட்ச்சில் அது தாங்கும் உச்ச அளவைப் போடச் சொல்லுங்கள், நிறைய மாடல்களில் 9216. சர்வரிலும் ஸ்டோரேஜிலும் 9000 அப்படியே இருக்கட்டும். ஃபிரேம் தலைப்பும் விலேன் டேகும் சேர்ந்தால் 9000ஐக் கொஞ்சம் தாண்டும், அதற்கு இடம் வேண்டும். சில சுவிட்ச்களில் எம்டியூ போர்ட் போர்ட்டாகப் போட வேண்டும், சிலவற்றில் மொத்தப் பெட்டிக்கும் ஒரே அமைப்பு, ரீலோட் செய்தால்தான் ஏறும். அந்தச் சுவிட்ச்சில் இப்போது ஸ்டோரேஜ் போக்குவரத்தே இல்லாததால் ரீலோட் செய்ய இதுவே நல்ல நேரம்.

வந்தவர் அங்கிருக்கும்போதே ஸ்பானிங் ட்ரீயையும் (நெட்வொர்க்கில் சுழல் பாதை வராமல் தடுக்கும் ஏற்பாடு) பார்க்கச் சொல்லுங்கள். சர்வரும் ஸ்டோரேஜும் மாட்டிய போர்ட்கள் ‘எட்ஜ்’ வகையாக (காத்திருக்காமல் உடனே தரவை விடுவது) இருக்க வேண்டும். பழைய ஸ்பானிங் ட்ரீயில் போர்ட் எழுந்ததும் கேட்க 15, கற்க 15 என்று 30 விநாடி தரவை விடாது. கண்ட்ரோலர் ரீபூட் ஆகும்போது அந்த 30 விநாடி உங்களுக்குச் சிக்கல்.

பிங் சரியானாலும் உடனே கிளம்பவிடாதீர்கள். ஸெஷன்களை ஒரே ஒரு சர்வரில் முதலில் சேருங்கள். பிறகு அந்தப் பாதையின் தனி வட்டுப் பெயரை, எஸ்டிசி என்றோ எஸ்டிடி என்றோ வரும், ‘டிடி’ கட்டளையால் வாசித்துப் பாருங்கள். 1 எம்பி பிளாக், ‘டைரக்ட்’ கொடியோடு, வெளியீடு ‘டெவ் நல்’லுக்கு. வட்டுப் பெயர் ‘இஃப்’ (if=, வாசிக்கும்) பக்கம் மட்டுமே இருக்க வேண்டும். ‘ஓஃப்’ (of=, எழுதும்) பக்கம் போனால் நோயாளிகளின் படங்கள் போய்விடும், என்டர் தட்டும் முன் பக்கத்தில் இருப்பவரையும் ஒரு தடவை படிக்கச் சொல்லுங்கள். வாசிப்பு தங்குதடையில்லாமல் ஓடினால் அடுத்த சர்வர்.

மேனேஜ்மென்ட் விஷயத்தை மற்றவர்களும் சொல்லட்டும்.

விலேன்_வேந்தன்:

அப்படியே விடவே கூடாது. மேனேஜ்மென்ட்டுக்குத் தனி விலேன், அதற்குள் உங்கள் கணினியும் கண்காணிப்புச் சர்வரும் மட்டும். எஸ்என்எம்பி 1, 2சி இரண்டிலும் கம்யூனிட்டிப் பெயர் வெறும் எழுத்தாகவே கம்பியில் போகும், ‘பப்ளிக்’கை மாற்றினாலும் யாரும் ஒட்டுக்கேட்கலாம். பதிப்பு 3 2002லேயே தரமாகிவிட்டது. அதில் பயனர் சரிபார்ப்பும் மறையாக்கமும் உண்டு, அதற்கு மாறுங்கள். பெட்டி கொஞ்சம் புதியது என்றால் ரெட்ஃபிஷ், ஸ்வார்ட்ஃபிஷ் என்ற மேலாண்மை இடைமுகங்கள் இருக்கின்றனவா பாருங்கள். எச்டிடிபிஎஸ் வழியாக வட்டு நிலை, கண்ட்ரோலர் நிலை எல்லாம் ஜேசன் வடிவில் கிடைக்கும், ஸ்கிரிப்ட் எழுதச் சுகம்.

ஐஸ்கஸி விலேனுக்கு வெளியிலிருந்து ஐஸ்கஸியின் 3260 போர்ட்டுக்கு வழியே இருக்கக் கூடாது. சாப் போட்டிருக்கிறீர்களா? அது யார் என்று சரிபார்க்கும், அவ்வளவுதான். தரவை மறைக்காது. ஸ்கேன் படங்கள் கம்பியில் திறந்தேதான் போகின்றன. அதனால் தனிமைப்படுத்தல்தான் உண்மையான பூட்டு.

வட்டறை_மல்லிகா:

வேந்தன் சொன்னது அத்தனையும் சரி. கூடவே இரண்டு கண்ட்ரோலர், இரண்டு சுவிட்ச், எல்லாச் சர்வர் நேரத்தையும் ஒரே என்டிபி சர்வரோடு பொருத்துங்கள். இந்தத் தடவை ஒரு சர்வரின் லாக்கே போதுமானதாக இருந்தது. கண்ட்ரோலர் மாறிய நொடியையும் சுவிட்ச் போர்ட் விழுந்த நொடியையும் ஒப்பிட வேண்டிய நாள் வரும், அப்போது கடிகாரங்கள் நாலு நிமிடம் முன்பின்னாக இருந்தால் மூன்று நிறுவனங்களும் மூன்று கதை சொல்வார்கள், நடுவில் நீங்கள் நிற்பீர்கள்.

அந்த 8972 பிங்கை கிரானில் (நேரப்படி கட்டளைகளை ஓட்டும் லினக்ஸ் வசதி) போட்டு, பாதைக்கு ஒன்றாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிடுங்கள். எந்தப் பாதை பதில் தராவிட்டாலும் உங்கள் போனுக்குச் செய்தி வரட்டும். மல்டிபாத் சொல்லும் ‘ரெடி’யை மட்டும் நம்பும் கண்காணிப்பு இந்தக் கோளாறைப் பிடிக்கவே பிடிக்காது, நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

இரவு அவர் கிளம்பும் முன் சுவிட்ச்சின் ரன்னிங் கான்ஃபிகை (இப்போது ஓடும் அமைப்பு) ஸ்டார்ட்அப் கான்ஃபிகில் (எழும்போது படிக்கும் அமைப்பு) எழுதச் சொல்லி, இரண்டு சுவிட்ச்சின் கான்ஃபிகையும் உங்கள் கணினிக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். எழுதாமல் விட்டால் அடுத்த கரண்ட் கட்டுக்குப் பிறகு அது மறுபடி 1500ஓடு எழும்.