எக்சோரா கொழுந்தெல்லாம் மஞ்சள், மதிலோரம் வேறு என்ன பூமரம் வைக்கலாம்?

கொக்குவில் மலர்:
எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் நல்லூர்த் திருவிழா நேரம் வீதியோரம் விற்றவர்களிடம் ஆறு எக்சோராவும் இரண்டு கார்டினியாவும் வாங்கி, புதிதாகக் கட்டிய மதிலோரம் வரிசையாக வைத்தேன். காலை வெயில் நன்றாக விழும் இடம். மாரி முழுக்கத் தளதளவென்று நின்றன. பங்குனிக்குப் பிறகு கொழுந்து இலைகள் மஞ்சளாகத் தொடங்கி, இப்போது சில கொழுந்துகள் வெள்ளைக்கே போய்விட்டன. கார்டினியா மொட்டு வைக்கிறது, விரிய முன்னமே கொட்டுகிறது. பசளை காணாதாக்கும் என்று யூரியா போட்டேன், பிறகு ஒரு வீடியோ பார்த்து அடுப்புச் சாம்பலும் இடித்த முட்டைக்கோதும் வாராவாரம் போட்டேன், தண்ணீர் தினமும் பின்னேரம் கிணற்றிலிருந்துதான். ஒன்றும் சரிவரவில்லை. இவற்றைக் காப்பாற்ற வழி இருக்கா? இல்லையென்றால், ஒரு தரம் வைத்தால் வருடக்கணக்கில் நிற்கிற மாதிரி என்ன வைக்கலாம்? அம்மாவுக்குச் சாமிக்கு வைக்கப் பூ வேண்டும். வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை ஒன்று ஓடித் திரிகிறது, அதையும் யோசித்துச் சொல்லுங்கள்.

சுன்னாகம் வளவு:
தங்கச்சி, முதலில் சாம்பலையும் முட்டைக்கோதையும் இன்றைக்கே நிறுத்துங்கள். ஒரு மஞ்சள் இலையைப் பிடுங்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நரம்பு பச்சையாகவும் இடையில் இருக்கிற சதை மஞ்சளாகவும், வலை விரித்த மாதிரித் தெரிந்தால் அது இரும்புச் சத்துக் குறைவு. யூரியாவில் இருக்கிற தழைச்சத்துக் குறைந்தால் அடி இலைதான் முதலில் பழுக்கும், உங்களுக்குக் கொழுந்தில் தொடங்கியிருக்கிறது. இரும்பு பழைய இலையிலிருந்து புது இலைக்கு நகராது, அதனால்தான் கொழுந்து முதலில் வெளுக்கிறது.

மண்ணில் இரும்பே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை, நம்முடைய செம்மண் சிவப்பாக இருப்பதே இரும்பால்தான். ஆனால் யாழ். குடாநாடு முழுக்க அடியில் சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீர் அதற்குள்ளால் ஊறி வருகிறது. உங்கள் வீட்டுக் கேத்திலுக்குள் பாருங்கள், வெள்ளைப் படை பிடித்திருக்கும். அதே சுண்ணாம்பைத்தான் தினமும் பின்னேரம் எக்சோரா வேரில் ஊற்றுகிறீர்கள். மண் காரமானால் இரும்பு கரையாது, வேர் உறிஞ்சவும் முடியாது. மாரியில் நன்றாக நின்றதற்குக் காரணம் மழைத் தண்ணீர், அதில் சுண்ணாம்பு இல்லை. சாம்பலும் கோதும் காரத்தை இன்னும் கூட்டுகிற சாமான்கள். போதாக்குறைக்குப் புது மதில். மேசன்மார் மிச்சச் சாந்தையும் கல்லுடைசலையும் மதிலடியிலேயே தள்ளி மண்ணால் மூடிவிடுவார்கள், என் வளவிலும் அரை அடி தோண்டினதும் சீமெந்துக் கட்டி கட்டியாக வந்தது. மதிலடி மண்ணைக் கொஞ்சம் காயவிட்டு வினாகிரி சில துளி விட்டுப் பாருங்கள், சீறி நுரைத்தால் சந்தேகமே வேண்டாம்.

காப்பாற்ற ஆசையென்றால் நிலத்திலிருந்து எடுத்துச் சாடிக்கு மாற்றுங்கள். செம்மண் ஒரு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, நன்றாக அலசிய தும்புத்தூள் ஒரு பங்கு. பீலிக்குக் கீழே ஒரு பரல் வையுங்கள், 20 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 200 லீற்றர், ஒரு பரல் நிரம்பிவிடும். நுளம்பு போகாமல் வலை கட்டி மூட மறக்க வேண்டாம். இரும்புச் சல்பேற்றை மண்ணில் போட்டால் சுண்ணாம்பு மண் அதைக் கட்டிப்போட்டுவிடும், ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்துப் பின்னேரம் இலையில் தெளிக்கலாம். தரை ஓட்டில் பட்டால் துருக்கறை போகாது, தள்ளி வைத்துத் தெளியுங்கள். மண்ணுக்கே போட வேண்டுமென்றால் ஈ.டி.டி.எச்.ஏ. (EDDHA) என்று எழுதியிருக்கிற இரும்புப் பசளை வாங்குங்கள், ஈ.டி.டி.ஏ. (EDTA) காரமண்ணில் நிலைக்காது, விலை குறைவென்று அதை வாங்க வேண்டாம்.

வேலணைத் தம்பி:
சுன்னாகம் அண்ணா சொன்னது சரி. ஆனால் தீவுப் பக்கம் இருக்கிறவர்கள் யாரும் இதை வாசித்தால், எங்களுக்குச் சுண்ணாம்போடு சவரும் சேர்ந்த பிரச்சினை. சவரில் கொழுந்து மஞ்சளாகாது, பழைய இலையின் நுனியும் ஓரமும் எரிந்த மாதிரிக் கருகும், சாடி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூக்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் கூடாது, தண்ணீர் ஆவியாகி உப்பு மேலேயே நிற்கும். நான்கு நாளுக்கு ஒருக்கால் அடி வரை இறங்க ஊற்றுங்கள். எங்கள் வளவில் சோளகக் காற்றுக்கும் சவருக்கும் அசையாமல் நிற்பவை போகன்வில்லா, பட்டிப்பூ, அடீனியம். போகன்வில்லாவுக்குத் தண்ணீரும் யூரியாவும் கூடினால் இலைதான் வரும், கொஞ்சம் வாடவிட்டால்தான் மரம் தெரியாமல் பூக்கும்.

இணுவில் ரீச்சர்:
மலர், நான் முப்பது வருடமாகப் பூமரம் வைக்கிறேன். நுவரெலியாப் பக்கமிருந்து வருகிற ஹைட்றேஞ்சியா, அசேலியா என்று எத்தனையோ வாங்கி, ஒவ்வொன்றாகச் சாகப் பார்த்து அழுதிருக்கிறேன். தேயிலை வளர்கிற புளிப்பு மண்ணும் குளிரும் கேட்கிற மரங்கள் அவை. இப்போது வாங்க முன்னம் பக்கத்துப் பழைய வளவுகளுக்குள்ளும் கோயில் நந்தவனத்திலும் எட்டிப் பார்க்கிறேன், யாரும் பெரிதாகக் கவனிக்காமலே அங்கே பூத்துக்கொண்டு நிற்கிறதைத்தான் கேட்டுத் தடி வெட்டி வருகிறேன்.

கார்டினியா ஆசைக்கு அடுக்கு நந்தியாவட்டை வையுங்கள். அதே வெள்ளை, இரவில் நல்ல வாசம், நம் மண்ணோடு சண்டை பிடிக்காது, சாமிக்கும் ஆகும். சிவப்புக்குச் செவ்வரத்தை, அடுக்கை விட ஒற்றைச் சிவப்புத்தான் பலமாக நிற்கிறது. மாரி முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள், புதுக் கிளையில்தான் பூ. வெள்ளை மாவு மாதிரிப் பூச்சி பிடித்தால் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவிவிட்டு, லீற்றருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயும் சில துளி சவர்க்காரக் கரைசலும் கலந்து பின்னேரம் தெளியுங்கள். மூலையில் இடமிருந்தால் ஒரு பவளமல்லிகை. விடிய எழும்பி வந்தால் முற்றம் முழுக்க வெள்ளையும் செம்மஞ்சள் காம்புமாகக் கொட்டிக் கிடக்கும், அம்மா குனிந்து பொறுக்குவதைப் பார்க்க நீங்களே ஒரு நாள் சீக்கிரம் எழும்புவீர்கள். அரை நிழலான பக்கத்துக்குக் கனகாம்பரம் போதும்.

அலரியும் கார்த்திகைப்பூவும் வடிவுதான், நம் ஊருக்குப் பொருத்தமும்தான், ஆனால் இரண்டும் முழு விஷம். கார்த்திகைப்பூவின் கிழங்கு பார்க்க ஏதோ வள்ளிக்கிழங்கு போல இருக்கும். பிள்ளை வளரட்டும், பிறகு வையுங்கள். அப்போது ஒன்றை ஞாபகம் வைத்திருங்கள், மாரி கழிந்ததும் கொடி காய்ந்துவிடும், செத்துப்போனதென்று கிண்டி எறியாதீர்கள், கிழங்கு நிலத்துக்குள் உறங்கும், அடுத்த மழைக்கு முளைக்கும்.

எக்சோராவை எல்லாம் எறிய வேண்டாம். பள்ளிக்கூடத்தில் வெட்சித் திணை என்று படித்தோமே, அந்த வெட்சியும் இந்த இனந்தான். நல்லதாக இரண்டைச் சாடியில் வைத்துப் பாருங்கள்.

கொக்குவில் மலர்:
மிக்க நன்றி. இலையைப் பிடித்துப் பார்த்தேன், அண்ணா சொன்ன அதே பச்சை வலை. மதிலடி மண்ணில் வினாகிரி விட்டதும் சோடா மாதிரிச் சீறியது, மகள் இன்னும் விடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு முழம் தோண்டியபோது சாந்துக் கட்டி இரண்டு வாளி வந்தது. இரண்டு எக்சோராவைச் சாடிக்கு எடுக்கிறேன். நந்தியாவட்டைத் தடி இப்போதே வைக்கலாமா?

இணுவில் ரீச்சர்:
இந்த வெயிலில் வேண்டாம், ஐப்பசியில் மழை இறங்கட்டும். அதுவரைக்கும் குழியைத் தோண்டித் திறந்து வைத்து, சாந்துக் கட்டியைப் பொறுக்கி எடுத்து, காய்ந்த இலைகுழையும் மாட்டெருவும் போட்டு மக்கவிடுங்கள். மதிலிலிருந்து மூன்று அடி தள்ளிக் குழி எடுங்கள். தடிக்கு அலைய வேண்டாம், பென்சில் தடிப்பில் பத்து வெட்டித் தருகிறேன், இணுவில் பக்கம் வரும்போது சொல்லுங்கள்.