ஞாயிறு பள்ளி டீச்சர்ஸ் குழு: கூரையைப் பிரிக்கிற பாடம்

*வியாழன்*

பாஸ்டரம்மா, இரவு 8:02
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இந்த ஞாயிறு மாற்கு 2, முதல் 12 வசனம். கப்பர்நகூம்ல வீட்டுக் கூரையைப் பிரிச்சு திமிர்வாதக்காரனை, அதாவது கை கால் விளங்காதவனை, இயேசு முன்னாடி இறக்குறது. பாலர் வகுப்புல 6 பேர், நடு வகுப்பும் பெரிய வகுப்பும் சேர்த்து 12. கைவேலைக்கு 35 நிமிஷம்தான். என்ன செய்யலாம்?

பாலர் அக்கா, 8:05
கலர் அடிக்கிற தாள் பிரிண்ட் எடுத்துரவா?

நடு வகுப்பு டீச்சர், 8:09
வேணாங்க்கா. இந்தக் கதையோட உயிரே மேலருந்து கீழ இறக்குறதுதான், பிள்ளைங்க கையாலயே இறக்கணும். டிஷ்யூ பெட்டி எடுத்துக்கலாம், மேல வாய் ஏற்கெனவே இருக்கு. அதை 12க்கு 8 செ.மீ.ஆ அகலப்படுத்தி முன்னாடி ஒரு வாசல் வெட்டினா வீடு ரெடி.

நடு வகுப்பு டீச்சர், 8:10
படுக்கைக்கு மணிலா அட்டை 9க்கு 6. நாலு பக்கமும் 1 செ.மீ. மடிச்சா 7க்கு 4 தட்டு மாதிரி நிக்கும். ஏ4 அட்டை ஒண்ணுல 9 படுக்கை வெட்டலாம். ஆளுக்கு 25 செ.மீ. கம்பளி நூல் நாலு.

தச்சு அங்கிள், 8:14
டிஷ்யூ பெட்டி மேல பளபளன்னு ஒரு பூச்சு இருக்கும்மா. வெள்ளை கம் அதுல பிடிக்காது. காஞ்ச மாதிரி தெரியும், நகத்தால சுரண்டினா தோலாட்டம் உரிஞ்சு வரும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும், இல்ல பெட்டியைப் பிரிச்சு உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி ஒட்டணும். 12 பெட்டிக்கு யார் செய்றது?

தச்சு அங்கிள், 8:16
இன்னொண்ணு. ஆளுக்கு ஒரு பெட்டின்னா நாலு நூலையும் ஒரே பிள்ளை ஒரே கையில புடிக்கும். வேதத்துல சுமந்தது நாலு பேரு. 12 பிள்ளைக்கு 3 பெட்டி போதும். பெட்டிக்கு நாலு பேர், ஆளுக்கு ஒரு நூல். ஒருத்தன் அவசரப்பட்டு விட்டா படுக்கை சாயும். சாயட்டும்லா, அப்பதான் நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாப்பாங்க.

பெரிய வகுப்பு தம்பி, 8:18
அப்ப வீட்டுக்குக் கொண்டு போக ஒண்ணும் இருக்காதே அங்கிள்? அம்மாமாருங்க கேப்பாங்க.

தச்சு அங்கிள், 8:21
ஆளுக்கு ஒரு மரத் துணிக் கிளிப் கொடு. முகம் வரைஞ்சு, இடுப்புல துண்டுத்துணி சுத்தினா அதான் கூட்டாளி. நாலு கிளிப்பும் பெட்டி வாய் விளிம்பைக் கவ்வி நிக்கும். இறக்கி முடிச்சதும் நூலைக் கிளிப் வாயில கொடுத்துட்டா படுக்கை அந்தரத்துல அப்படியே தொங்கும். பாடம் முடிஞ்சதும் கூட்டாளியைக் கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டும். 12 கிளிப்தான் செலவு. பிளாஸ்டிக் கிளிப் வேணாம், மார்க்கர் மை அழிஞ்சு கையில ஒட்டும்.

நடு வகுப்பு டீச்சர், 8:23
நல்லாருக்கு. ஆனா டிஷ்யூ பெட்டியைச் சுத்தி நாலு தலை முட்டிக்குமே.

தச்சு அங்கிள், 8:27
மளிகைக் கடையில மீ (நூடுல்ஸ்) பாக்கெட் வர்ற அட்டைப்பெட்டி கேளுங்க. அதுல பூச்சு இல்ல, கம் நல்லா இழுக்கும். உங்க அளவையெல்லாம் ரெண்டு மடங்காக்குங்க. வாய் 24க்கு 16. வெட்டி எடுத்த துண்டைத் தூக்கிப் போட்டுராதீங்க, அதுலருந்தே 18க்கு 12 படுக்கை வந்துரும். மணிலா அட்டை வாங்க வேண்டிய வேலையே இல்ல.

தச்சு அங்கிள், 8:28
சுத்தி 2 செ.மீ. மடிக்கிற கோட்டை முதல்ல மை தீர்ந்த பேனாவால அழுத்திக் கீறுங்க. கீறாம மடிச்சா உள்ள அலை அலையா இருக்கிற தாள் அது இஷ்டத்துக்கு உடைஞ்சு படுக்கை கோணலாயிரும். வெட்டுறதும் கீறுறதும் சனிக்கிழமையே நாம முடிச்சுரணும், பிள்ளைங்க கைக்குக் கத்தி போகக் கூடாது.

பெரிய வகுப்பு தம்பி, 8:30
பஞ்ச் மெஷின் என்கிட்ட இருக்கு. நூல் ஓட்டைக்குக் கொண்டாறேன்.

நடு வகுப்பு டீச்சர், 8:34
அது வேணாம் தம்பி. பஞ்ச் ஓட்டை 6 மி.மீ. வரும், கம்பளி முடிச்சு அதுல நழுவிரும். கோணி ஊசியால குத்தினா போதும். மடிச்ச மூலையில ரெண்டு அட்டை ஒண்ணு மேல ஒண்ணு வருது பாருங்க, அங்க ஒரு ஸ்டேப்ளர் அடிச்சு அதுக்குப் பக்கத்துல குத்தணும். ஒத்தை அட்டையில ஓரமா குத்தினா ரெண்டாவது தடவை தூக்கும்போதே கிழியும். அடியில ரெட்டை முடிச்சு.

நடு வகுப்பு டீச்சர், 8:36
நூல் நுனி பஞ்சா பிரிஞ்சு ஊசிக் கண்ணுக்குள்ளயே போகாது. சப்பாத்துக் கயிறு நுனி மாதிரி செலோடேப் சுத்திருங்க. நாலு நூலும் ஒரே நீளமா இருக்கணும், ஒண்ணு குட்டையா போனா ஆள் சறுக்கி விழுவான். 25 செ.மீ. அட்டையில 12 சுத்து சுத்தி, ஒரு பக்கம் மட்டும் வெட்டுங்க. 12 நூலும் 50 செ.மீ. வந்துரும். மொத்தம் 6 மீட்டர்.

தச்சு அங்கிள், 8:37
மண்டபத்துக் காத்தாடிக்குக் கீழ அந்தப் படுக்கை பம்பரமா சுத்தும். அடியில நாலஞ்சு காசை டேப் போட்டு ஒட்டுங்க, கனம் இருந்தா நேரா இறங்கும்.

பாலர் அக்கா, 8:41
கூரைக்கு என்ன? கூரைன்னா நம்ம பிள்ளைங்க தோட்டத்து லயன் வீட்டுத் தகரம்தான் வரையுங்க. தகரத்தை எப்படி டீச்சர் பிரிச்சாங்கன்னு போன தடவையே ஒருத்தன் கேட்டான்.

பாஸ்டரம்மா, 8:47
நல்ல கேள்விதான். அங்க கூரை தட்டை. குறுக்க உத்தரம், அதுமேல கிளையும் நாணலும், அதுமேல மண்ணைப் பூசி இறுக்கியிருப்பாங்க. வெளிப்பக்கமா படி இருக்கும், மேல ஏறலாம், கையாலயே தோண்டலாம். லூக்கா 5ல ஓடுன்னு வருது. நமக்குப் பாடம் மாற்கு, அதனால மண் கூரையே போடுங்க.

நடு வகுப்பு டீச்சர், 8:52
அப்ப 28க்கு 20 தாள் அட்டை ஒண்ணு. வாயை விட நாலு பக்கமும் 2 செ.மீ. வெளிய நிக்கும், உள்ள விழாது. அதுமேல தென்னை ஈர்க்கு 28 செ.மீ. நீளத்துல, 1 செ.மீ.க்கு ஒண்ணா 20 குச்சி. ஒரு ஈர்க்குல தாராளமா 3 துண்டு, அப்ப 3 பெட்டிக்கு 20 ஈர்க்கு. புது ஈர்க்குமாறு வாங்கி உருவுங்க, கூட்டின கட்டையிலருந்து எடுக்காதீங்க. நுனியை நேரா நறுக்கணும், சாய்வா வெட்டினா முள்ளு மாதிரி குத்தும்.

நடு வகுப்பு டீச்சர், 8:53
மண்ணுக்கு டீ சக்கை. குச்சி மேல கம்மைத் தண்ணி கலக்காம பூசி மேல தூவுங்க. தண்ணி கலந்தா அட்டை நெளிஞ்சு வாயில பொருந்தாது. கூரையை ஒரு பக்கம் மட்டும் துணி டேப்பால ஒட்டுங்க, செலோடேப் நாலு தடவை திறந்து மூடினா கிழிஞ்சிரும்.

பாலர் அக்கா, 8:55
டீ சக்கை எங்கிட்ட நிறைய சேரும். ஈரமா இருந்தா பரவால்லையா?

நடு வகுப்பு டீச்சர், 8:56
ஐயோ வேணாம்க்கா. ஒரே வாரத்துல பூஞ்சணம் புடிச்சு வாடை வரும். மொறுமொறுன்னு காயணும்.

பாலர் அக்கா, 8:58
என் ஆறு பேருக்கு இதெல்லாம் ஆகாது. கம்மைத் தொட்டா முடியில தேய்ச்சுக்குதுங்க.

நடு வகுப்பு டீச்சர், 9:04
உங்களுக்குத் தாள் போதும்க்கா. ஏ4 அட்டையை நடுவுல மடிச்சு கூடாரம் மாதிரி நிக்க வைங்க. மடிப்பு மேலயே 6½ செ.மீ. கீறல். முன்பக்கம் 8க்கு 8 ஜன்னல். 6க்கு 16 பட்டை ஒண்ணுல கீழ்ப்பாதியில படுத்த ஆளை வரையட்டும். மேல 2 செ.மீ. பின்னால மடிச்சு விடுங்க, முழுசா உள்ள விழாது. பட்டையை இறக்கினா ஆள் ஜன்னல்ல தெரிவான். கீறல் சரியா 6 இருந்தா பட்டை மாட்டி மடங்கும், அந்த அரை செ.மீ. கண்டிப்பா வேணும்.

பெரிய வகுப்பு தம்பி, 9:07
திமிர்வாதக்காரன்னு சொன்னா பெரிய பிள்ளைங்க சிரிக்குதுங்க. திமிர் புடிச்சவனான்னு கேக்குதுங்க.

பாஸ்டரம்மா, 9:10
திமிர்னா மரத்துப் போறதுதான்பா. ரொம்ப நேரம் சம்மணம் போட்டு எழுந்தா காலு திமிரெடுக்கும்ல, அதைச் சொல்லு. பாடம் ஆரம்பிக்கும்போதே அஞ்சு நிமிஷம் காலை மடக்கி உக்காரவெச்சு எழுப்பு, புரிஞ்சிரும். அப்பவும் முழிச்சா மலாயில 'லும்புஹ்'னு ஒரு வார்த்தை சொல்லிரு.

பெரிய வகுப்பு தம்பி, 9:12
அடுத்த வாரம் தாவீது பாடத்துக்கு அஞ்சு கூழாங்கல்லுக்குப் பதிலா பால்மரக் (ரப்பர் மரக்) கொட்டை பொறுக்கட்டுமா? பழைய தோட்டத்துல கெடக்கும்.

தச்சு அங்கிள், 9:13
பாலர் பக்கம் கொண்டு போகாதே. பச்சையா கடிச்சா விஷம். கசக்கின பேப்பர் உருண்டை போதும், கவண் சுத்தினாலும் கண்ணுல பட்டா ஒண்ணும் ஆகாது.

*சனி*

தச்சு அங்கிள், மதியம் 12:40
3 பெட்டி, 3 படுக்கை வெட்டியாச்சு. ஈர்க்கு 60 துண்டு நறுக்கி ரப்பர் பேண்டு போட்டு வெச்சிருக்கேன். ஊசியும் கத்தியும் என் பையில இருக்கும், மேசையில தேடாதீங்க.

பாலர் அக்கா, மாலை 5:15
ரெண்டு நாளா சாயங்கால மழை, டீ சக்கை காயவே இல்ல. என்ன செய்ய?

நடு வகுப்பு டீச்சர், 5:18
எண்ணெய் படாத இரும்புச் சட்டியில சின்ன நெருப்புல வறுங்க, கிண்டிக்கிட்டே இருங்க. நல்லா ஆறினப்புறம் டப்பாவை மூடுங்க, சூட்டோட மூடினா வேர்த்து மறுபடி ஈரமாயிரும்.

பாலர் அக்கா, 5:50
ஆச்சு. மைலோ டின்ல அரை டின் இருக்கு. மூணு கூரைக்குப் போதுமா?

நடு வகுப்பு டீச்சர், 5:51
மீதியே வரும்க்கா.