பஸ்ராவில் இறந்த கொள்ளுத்தாத்தா: வெண்கலத் தட்டை வைத்து விவரம் தேட முடியுமா?

தென்பெண்ணை:
அம்மா வழிக் கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போரில் ஈராக்கின் பஸ்ரா பக்கம் இறந்தார் என்பார்கள். கையில் இருப்பது உள்ளங்கையைவிடப் பெரிய வெண்கலத் தட்டு ஒன்று. சூலம் பிடித்த பெண், பக்கத்தில் சிங்கம், ஆங்கிலத்தில் முனிசாமி என்ற பெயர். பதவியோ எண்ணோ இல்லை. கூடவே ஒரு வெள்ளிப் பதக்கம். அவர் எந்தப் படை, பெற்றோர் யார், ஊர் எது என்று தெரிய வேண்டும். நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்ட் மையத்துக்கு எழுதலாமா?

செப்புக்காசு:
தட்டு, இறந்தவர் குடும்பத்துக்கு 1919 முதல் பிரிட்டிஷ் அரசு அனுப்பியது. விட்டம் 12 செ.மீ. அந்தப் பெண் பிரிட்டானியா, பிரிட்டன் நாட்டைப் பெண்ணாக உருவகித்தது. விக்டோரியா ராணி இல்லை. சாவில் எல்லாரும் சமம் என்று பதவியை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். அதனால் தட்டை மட்டும் வைத்து ஆளைப் பிடிக்க முடியாது, முனிசாமிகள் நிறைய.

வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள். எண், பதவி, பெயர், படை நாலும் அங்கே பொறித்திருக்கும். '2 கியூ.வி.ஓ. எஸ் அண்ட் எம்' என்று முடிந்தால் மதராஸ் சாப்பர்ஸ், அதாவது ராணுவப் பொறியாளர் படை. (இதே பதக்கம் வெண்கலத்தில் இருந்தால், அவர் படையோடு போன தொழிலாளர்.) தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். விளிம்பு எழுத்து ஆழமில்லாதது, தேய்ந்தால் போயே போச்சு. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நாலைந்து படம் எடுங்கள்.

ஆவணப்பித்தன்:
எண் கிடைத்ததும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம். முதல் உலகப் போர், இந்தியப் படை என்று தேர்ந்து எண்ணை மட்டும் போடுங்கள். பெயரைப் போட்டால் மூனசாமி, முனிஸ்வாமி, முனுசாமி என்று குமாஸ்தா எழுதிய விதமெல்லாம் முயல வேண்டும். எண் ஒவ்வொரு ரெஜிமெண்டிலும் தனித்தனி வரிசை, ஆகவே படையும் ஒத்துப்போகிறதா பாருங்கள். இறந்த தேதியை 1918 நவம்பரோடு நிறுத்தாதீர்கள். ஆணையத்தின் கணக்கு 1921 ஆகஸ்ட் 31 வரை போகிறது. போர் நின்ற பிறகு நோயில் இறந்தவர்களும் அதில் உண்டு.

'கூடுதல் தகவல்' என்ற வரிதான் உங்களுக்கு முக்கியம். தகப்பன் பெயர், கிராமம், தாலுகா, ஜில்லா இருக்கும். சில பதிவில் மனைவி பெயரும். எல்லாம் அந்தக் கால எழுத்தில்: வந்தவாசி 'வாண்டிவாஷ்', திருநெல்வேலி 'டின்னவெல்லி'.

பஸ்ரா நினைவகத்துப் படத்தில் பெயரைத் தேடி ஏமாற வேண்டாம். 40,000-க்கு மேற்பட்டோருக்கான இடம் அது, ஆனால் இந்தியப் படையில் கல்லில் பெயர் வெட்டியது அதிகாரிகளுக்குத்தான். இந்தியச் சிப்பாய்களுக்கு ரெஜிமெண்டின் கீழே எண்ணிக்கை மட்டும். அநியாயம்தான், ஆனால் பெயர் ஆணையத்தின் பதிவேட்டில் இருக்கிறது. 1997-இல் அந்த நினைவகத்தையும் பெயர்த்து நாசிரியா சாலையில் 32 கி.மீ. தள்ளி வைத்துவிட்டார்கள்.

மேட்டுத்தெரு:
வெலிங்டன் கேள்விக்கு: படை எது என்று தெரியாமல் எழுதாதீர்கள். பழைய கர்நாடிக் காலாட்படைகளை 1922 வாக்கில் 3-வது மதராஸ் ரெஜிமெண்டாக்கி, 1928-க்குள் கலைத்துவிட்டார்கள். சாலை போடுவது போன்ற வேலை செய்த மதராஸ் பயனீர்கள் படை 1933-இல் போனது. இப்போதைய ரெஜிமெண்ட் இரண்டாம் உலகப் போரின்போது மறுபடி எழுப்பியது. சாப்பர்ஸ் மட்டும் அறுபடாமல் வந்த படை, அவர்களைப் பற்றி எழுதப் பெங்களூர் எம்.இ.ஜி. (மதராஸ் இன்ஜினியர் குரூப்). ஊர் தெரிந்ததும் பழைய பள்ளிக்கூடம், சாவடிச் சுவரைப் பாருங்கள். 'இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள்' என்று 1914-1919 போட்ட கல் பல ஊர்களில் உண்டு. அதிலும் பெயர் இருக்காது.

தென்பெண்ணை:
டார்ச் அடித்துப் பார்த்தேன். சாப்பர் என்பதன் சுருக்கம் தெரிகிறது. நாலு இலக்க எண், கடைசி இலக்கம் 3-ஆ 8-ஆ தெரியவில்லை.

ஆவணப்பித்தன்:
இரண்டையும் போட்டுத் தேடுங்கள். எதில் சாப்பர்ஸும் முனிசாமியும் சேர்ந்து வருகிறதோ அந்தப் பதிவின் கூடுதல் தகவலை இங்கே போடுங்கள், ஊரைப் படித்துச் சொல்கிறோம்.