ரோட்டு மட்டத்துக்குக் கீழே பாத்ரூம் கட்டினவங்க அனுபவம் சொல்லுங்க

அருமனை பக்கத்திலிருந்து (கன்னியாகுமரி மாவட்டம்):

எங்க ஊரு நில அமைப்பு தெரியும்ல. ரோடு மேலே, விளை (தோட்டம்) கீழே சரிவு. ரோட்டு மட்டத்துக்கு வீட்டைத் தூக்கிக் கட்டினா அடியில தானா ஒரு அறை கிடைச்சிரும். விறகும் ரப்பர் ஷீட்டும் கிடந்த அந்த அறையை அப்பாவுக்கு ஒதுக்கினோம். அவருக்கு முட்டு வலி. அங்கேருந்து படி ஏறாம நேரா விளைக்கு நடந்திரலாம்.

பாத்ரூம் வைக்கப் போனப்பதான் வினையே. செப்டிக் டேங்க் ரோட்டோரம், தலைக்கு மேல. கீழ்ப்பக்கம் புதுசா ஒண்ணு தோண்டலாம்னா இருபதடி தூரத்துல கிணறு. அதனால தரையை உடைச்சு, ஒன்றரை அடி அகலம், இரண்டரை அடி ஆழத்துல ஒரு குழி, அதுல கழிவு பம்ப், அங்கேருந்து ரெண்டு இஞ்ச் பைப் மேல ஏத்தி டேங்குக்கு.

பிளம்பர் பழைய ஆள். "ரெண்டு லைன் எதுக்கு, மேல் பாத்ரூமையும் குழிக்கே விட்டிருவோம்"னார். நானும் தலையாட்டிட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை, ராத்திரி பத்து மணி, கரன்ட் போச்சு. மேல யாரோ குளிக்கிறாங்க, இன்னொருத்தர் ஃபிளஷ் பண்றாங்க. குழி நிறைஞ்சு, கீழே தரை ஜாலி வழியா முதல்ல குமிழ், அப்புறம் தண்ணி, அப்புறம் தண்ணியோட மத்ததும். அப்பா கட்டில் மேல ஏறி நின்னுட்டு சத்தம் போடுறார். டார்ச் அடிச்சுப் பார்த்தா அவரோட ரப்பர் செருப்பு ரெண்டும் மிதந்து கதவுப் பக்கம் போய்க்கிட்டிருக்கு.

தானா கீழே இறங்கி டேங்குக்குப் போகிற எதையும் குழிக்கு விடாதீங்க. மேல் லைனை மறுபடி தனியா பிரிச்சு டேங்குக்கே விட்டோம். சுவரை உடைச்சுத்தான்.

குமுளியிலிருந்து:

அண்ணே, எங்க லாட்ஜ் கீழ்த்தளத்துல மூணு ரூம். எங்க பம்ப் நின்னு நின்னு ஓடும். ஃபிளஷ் பண்ணாத நேரத்துலயும் ஓடும். திறந்து பார்த்தா திரும்பாத வால்வே (என்.ஆர்.வி.) போடலை. ரெண்டு இஞ்ச் பைப்ல ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய ரெண்டு லிட்டர் நிக்கும். எங்களுக்கு அஞ்சு மீட்டர் ஏத்தம். பம்ப் நின்னதும் பத்து லிட்டர் குழிக்கே திரும்பி, பம்பைத் தானா போட்டு அணைக்கிற மிதவை எழும்பி, மறுபடி ஓட்டம். இப்படியே ஒரு மோட்டார் எரிஞ்சுது. வால்வுக்கு மேல ஒரு கேட் வால்வும் போடுங்க. இல்லேன்னா ரிப்பேருக்குக் கழட்டும்போது பைப்ல நிக்கிறது முழுக்க கழட்டுறவன் தலையில.

மிதவை கயித்துல ஆடுற மாதிரின்னா சின்னக் குழியில சுவர்ல மாட்டிக்கும். நேர் மேல கீழ போற மாதிரி வாங்குங்க. ஈரத் துடைப்பான், நாப்கின் ரெண்டையும் கோப்பையில போடாதீங்கன்னு மூணு பாஷையில எழுதி ஒட்டியிருக்கேன். போடுறவங்க போடுறாங்க.

கூடலூரிலிருந்து (நீலகிரி):

நாங்க கட்டர் பம்ப் போட்டோம், கடைக்காரர் சொல்லி. எல்லாத்தையும் கூழாக்கிரும். ஆனா போய்ச் சேர்றது செப்டிக் டேங்குன்னா அந்தக் கூழ் சரியா அடியில படியாது, மிதந்து, டேங்குத் தண்ணி மண்ணுல இறங்குற உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணை அடைச்சிரும். டேங்குக்கு ஏத்துறவங்க 50 மி.மீ. கட்டி கடந்துபோற சாதா கழிவு பம்ப் போதும்.

இன்னொண்ணு. குழி மூடி காத்துப் புகாம இருக்கணும், காத்துக்குழாய் தனியா கூரைக்கு மேல போகணும். அழுகின முட்டை நாத்தம் வந்தா யாரும் குனிஞ்சு எட்டிப் பார்க்காதீங்க. அந்த வாயு அதிகமாச்சுன்னா மூக்கு மரத்து நாத்தமே தெரியாது. பம்பைச் சங்கிலி கட்டி இறக்கினா மேலேருந்தே தூக்கிரலாம். ஆளை இறக்குறதே வேண்டாம், பாதுகாப்புக் கவசம் இல்லாம டேங்குக்குள்ள ஆளை இறக்குறதைக் கையால மலம் அள்ளுறதைத் தடுக்கிற 2013 சட்டமே தடுக்குது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

இன்வெர்ட்டர்ல ஓடாதா அண்ணே?

அருமனை:

நானும் அதைத்தான் நினைச்சேன் தம்பி. 1 எச்.பி.ன்னாலே 746 வாட், கிளம்புற நேரத்துல அதைப் போல பல மடங்கு இழுக்கும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் வாங்கின சின்ன இன்வெர்ட்டர் கீச்சுன்னு கத்திட்டு அணைஞ்சிரும். எங்களுது அப்படித்தான் ஆச்சு.

இப்ப குழிக்குள்ள உயரமா இன்னொரு மிதவை வெச்சு, பேட்டரி மணியோட இணைச்சிருக்கோம். மிதவைக்கு மிதவை அரையடி வித்தியாசம் வெச்சா, ஒன்றரை அடி வட்டக் குழியில சுமார் 25 லிட்டர். 6 லிட்டர் ஃபிளஷ்னா நாலு தடவை. இதை மனசுல வெச்சுத்தான் குழி அளவு போடணும், பம்ப் கடையில கேட்டு இல்ல. பம்புக்கும் பெட்டி மேல போட்ட அதிகபட்ச உயரத்தை நம்பாதீங்க, அந்த உயரத்துல தண்ணி சொட்டுகூட வராது. உங்க ஏத்தத்துல நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்னு கேளுங்க.

கோப்பைலேருந்து குழி வரைக்கும் பைப் சரிவு அடிக்குக் கால் இஞ்ச். எங்களுக்கு 16 அடி, அதனால 4 இஞ்ச் இறக்கம். மட்டம் வெச்சுப் பார்த்த பிறகுதான் காங்கிரீட் போட விட்டேன். இந்தத் தடவை பிளம்பர் பேச்சைக் கேக்கல.

அப்பா மட்டும் நம்பல. இன்னிக்கும் கரன்ட் போனா முதல்ல செருப்பை எடுத்துக் கட்டில் மேல வைக்கிறார்.