17 வயசுப் பிள்ளையை எப்ப மரதனுக்கு விடலாம்? வீதி ஓட்டம், நகர்வல ஓட்டம் பற்றி ஆலோசனை தேவை

வல்லிபுரம்:
வணக்கம். எங்கட கழகத்தில 17 வயசுப் பிள்ளை ஒருத்தி 1500, 3000 மீற்றர் ஓடுறா. கடைசிச் சுற்றில பெரிய வேகம் இல்லை, ஆனா தூரம் கூடினால் முன்னுக்கு வாறா. கிழமைக்கு 35 கிலோமீற்றர் ஓட்டம். இப்ப ஊர் மரதனுகளுக்கு வரச்சொல்லிக் கேக்கினம், வீட்டாருக்கும் விருப்பம். வீதியிலயும் நகர்வல ஓட்டத்திலயும் (குறோஸ் கன்றி, புல்லு, சேறு, மேடு பள்ளத்தில ஓடுறது) கனகாலம் நிண்டு பிடிக்க எந்த ஒழுங்கில போகவேணும்?

நெடுந்தூரம்:
முழு மரதனை இப்ப நினைக்கவே வேண்டாம். 20 வயசுக்குட்பட்டவையை உலக மெய்வல்லுநர் சம்பியன்சிப் மரதனுக்கு விதிகளே விடாது. ஊர் மரதன் எண்டு விளம்பரம் போட்டாலும் சிலது 8, 10 கிலோமீற்றர்தான். முதல்ல தூரத்தைக் கேளுங்கோ. 10 வரைக்கும் வருசத்துக்கு இரண்டு, மூண்டு ஓடலாம். அதுக்கு மேல வேண்டாம்.

இங்கிலாந்து மரதன் வீராங்கனை பவுலா ரட்கிளிஃப்பின்ர ஒழுங்கைப் பாருங்கோ. 1992இல 18 வயசில பொஸ்ரனில உலக கனிஷ்ட நகர்வல ஓட்டத்தில வெண்டா. இரண்டாவதா வந்தது சீனாவின் வாங் ஜுன்சியா. அதுக்குப் பிறகு ரட்கிளிஃப் வீதிக்கு ஓடிப் போகேல்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில 5000 மீற்றரில 5ஆம் இடம், 1999இல 10,000 மீற்றரில உலக வெள்ளி, 2000 சிட்னி ஒலிம்பிக்கில அதே தூரத்தில 4ஆம் இடம். அந்த வருசம்தான் உலக அரை மரதனில முதல் தங்கம். நகர்வல ஓட்டத்தில 1997, 1998 இரண்டிலயும் வெள்ளி, 2001, 2002இல தங்கம். முதல் மரதன் 2002 லண்டன், 28 வயசில, 2:18:56. அடுத்த வருசம் அங்கயே 2:15:25. அந்த உலக சாதனை 2019 வரைக்கும் அசையேல்லை. கனிஷ்ட தங்கத்துக்கும் முதல் மரதனுக்கும் நடுவில பத்து வருசம் கிடக்கு. அந்தப் பத்து வருசமும் 5000, 10,000 மீற்றர் வேகத்தைக் கட்டினதாலதான் மரதன் வேகம் அவவுக்கு இலேசா இருந்தது. கடைசிச் சுற்றில வேகம் இல்லாத பிள்ளைக்கு இந்த வழி இன்னும் பொருந்தும். ரட்கிளிஃப்பும் தடகளத்தில கடைசிச் சுற்றில தோத்தவதான்.

இப்போதைக்கு: செவ்வாயில 8 நிமிசம் மூண்டு தரம், நடுவில 2 நிமிசம் மெல்லோட்டம். ஓடேக்க ஒரு சின்ன வசனம் சொல்லக்கூடிய வேகம் போதும். வெள்ளியில 400 மீற்றர் 6 தரம், 3000 மீற்றர் போட்டி வேகத்தில. ஞாயிறில 9–10 கிலோமீற்றர் ஆறுதலா. மிச்ச நாள் கதைச்சுக்கொண்டு ஓடுற வேகம், ஒரு நாள் முழு ஓய்வு. 35ஐ 55 ஆக்க ஒண்டரை வருசம் எடுங்கோ. பிள்ளையள் விழுறது பெரும்பாலும் ஆறுதல் ஓட்டத்தையும் போட்டியாக்கிறதாலதான்.

செவ்வந்தி:
அண்ணை, தூரம் கூட்ட முதல் இரத்தப் பரிசோதனை செய்யுங்கோ. ஹீமோகுளோபின் மட்டும் பாத்தால் காணாது, ஃபெரிட்டினும் (உடம்பில சேமிச்சு வைச்ச இரும்பின்ர அளவு) பாக்கவேணும். ஹீமோகுளோபின் 12க்கு மேல நிண்டாலும் ஃபெரிட்டின் 30க்குக் கீழ போனால் கால் பாரமாகும், நேரம் இறங்காது. சாப்பிட்ட உடன தேத்தண்ணி குடிக்கிற எங்கட பழக்கம் இரும்பு உடம்பில சேர விடாது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கோ. மீன், இறைச்சி, முருங்கையிலை, பயறு நல்லது. மரக்கறிச் சாப்பாடு எண்டால் கூட தேசிக்காய் அல்லது நெல்லிக்காய் சேருங்கோ. இரும்புக் குளிசையை வைத்தியர் சொல்லாமல் தொடங்க வேண்டாம்.

இன்னொண்டு. மாதவிடாய் மூண்டு மாசம் வராமல் விட்டால் அது "நல்லாப் பயிற்சி செய்யிறா" எண்டதுக்கு அடையாளமில்லை. பெரும்பாலும் ஓடுற ஓட்டத்துக்குச் சாப்பாடு காணாது எண்டதுதான் அர்த்தம். அடுத்ததா எலும்பு வெடிக்கலாம். முழங்காலுக்குக் கீழ ஒரே புள்ளியில விரலால அமத்த நொந்தால் ஓட்டத்தை நிப்பாட்டி உடன வைத்தியரிட்டக் காட்டுங்கோ. இடுப்படியில, தொடைச் சந்தில நோவு எண்டால் இன்னும் அவசரம். மெலிஞ்சால் வேகம் வரும் எண்டு அவவுக்குச் சொல்ல ஒருத்தரையும் விடாதேங்கோ. காலமை ஓட்டத்துக்கு முதல் வாழைப்பழம் ஒண்டு, முடிஞ்சு அரை மணித்தியாலத்துக்குள்ள புட்டோ இடியப்பமோ முட்டையோட.

நோ மருந்து போட்டுக்கொண்டும் ஓட விடாதேங்கோ. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் மரதனில ரட்கிளிஃப் கால் நோவுக்கு எடுத்த அழற்சி மருந்தால சாப்பாடு உடம்பில சேரேல்லை. அந்த வெக்கையில 36 கிலோமீற்றரில நிண்டுபோனா.

வல்லிபுரம்:
நன்றி அக்கா, நன்றி அண்ணை. இரண்டு சந்தேகம். எங்கட வெக்கையில தண்ணி எவ்வளவு? மற்றது, இங்க மேடே இல்லை. நுவரெலியாவில நகர்வல ஓட்டம் வந்தால் எப்பிடித் தயாராகிறது?

மணற்காடு:
தண்ணிக்கு ஊகம் வேண்டாம் தம்பி, தராசு போதும். ஓட முதலும் பிறகும் நிறுங்கோ. ஒரு கிலோ குறைஞ்சால் ஒரு லீற்றர் வியர்வை போயிருக்கு. அடுத்த சில மணித்தியாலத்தில ஒண்டேகால் தொடக்கம் ஒண்டரை லீற்றர் கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்கவேணும். நிறை கூடியிருந்தால் தண்ணி கூடிப்போச்சு, அதுவும் ஆபத்து. உப்புக்கு ஜீவனி (தண்ணியில கரைக்கிற உப்புத் தூள்), பக்கற்றில உள்ள அளவுப்படி. விடிய 5 மணிக்கு வெயில் இல்லாட்டியும் காத்தில ஈரம் கூட, வியர்வை காயாது. அதால கைக்கடிகார வேகத்தைத் துரத்தாமல் மூச்சைப் பாத்து ஓடவேணும். சோளகம் (தென்மேல் காத்து) வீசேக்க யாழ்ப்பாணம் பண்ணைப் பாலத்தில ஓடினால் போகேக்க எதிர்க்காத்து, வரேக்க பின்காத்து வாற மாதிரிப் பாதையைப் போடுங்கோ. வீதிச் சரிவில எந்நேரமும் ஒரே கரையில ஓடினால் முழங்காலின்ர வெளிப்பக்கம் நோகும், கரை மாத்துங்கோ.

மேட்டுக்கு மணற்காட்டு மணல் மேடு இருக்கு. 30 செக்கன் ஏற்றம் 8 தரம், நடந்து இறக்கம், கிழமைக்கு ஒருக்கா மட்டும். மணல் காலை எத்தித் தராது, கெண்டைக்கும் குதிகால் நரம்புக்கும் சுமை கூட. முதல் மாசம் 5 தரம் காணும். சப்பாத்தோட ஓடட்டும், முள்ளும் போத்தல் ஓடும் கிடக்கும்.

நுவரெலியா 1868 மீற்றர் உயரம். ஒண்டில் 10–14 நாள் முதலே போகவேணும், இல்லாட்டி முதல் நாள் பின்னேரம் போய் அடுத்த நாள் ஓடவேணும். நடுவில மூண்டாம், நாலாம் நாளில ஓடினால்தான் உடம்பு மோசமா இருக்கும். முதல் கிலோமீற்றரை வழமையை விட 10–15 செக்கன் மெதுவா விடுங்கோ. அந்த உயரத்தில வேகமாப் போனால் மூச்சைத் திருப்பிப் பிடிக்க ஏலாது. புல்லுக்கு 9 மில்லிமீற்றர் ஆணி, மழை பெஞ்சு சேறெண்டால் 12. ஆணிச் சப்பாத்துக்குக் குதி தாழ்வு, மூண்டு கிழமை முதலே வேக ஓட்டங்களில போட்டுப் பழக்குங்கோ.

20 வயசுக்குட்பட்ட பெண்களுக்கு உலக நகர்வல ஓட்டத் தூரம் 6 கிலோமீற்றர், வளந்தவைக்கு 2017 தொடக்கம் ஆம்பிளையள் மாதிரி 10. அதால இந்த இரண்டு வருசத்துக்கு 6ஐ இலக்கா வைச்சு, 3000 நேரத்தை இறக்குங்கோ. அரை மரதன் 20க்குப் பிறகு.