சிவகாமி இல்லம் குரூப்: கருமாதி ஃபிளெக்ஸ்

*காலை 9:14*

கார்த்தி: 🖼️ ஃபிளெக்ஸ் மாடல்

கார்த்தி: எல்லாரும் பாத்துச் சொல்லுங்க. கடைக்காரர் சாயங்காலம் 6 மணிக்குள்ள ஃபைனல் கேக்குறார். ஞாயித்துக்கிழமை கருமாதி, சனிக்கிழமை காலையிலயே கட்டணும்

கார்த்தி: வாசகம் இதான்: "ரங்கூனில் பிறந்து, 1944 உலகப் போரில் பர்மாவிலிருந்து நடந்தே தாயகம் வந்தவரும், நேதாஜியை நேரில் கண்டு அவர் கையால் மிட்டாய் வாங்கியவருமான எங்கள் குலவிளக்கு தெய்வத்திரு சிவகாமி அம்மாள்"

சரசு: போட்டோ நல்லாருக்கு. மூக்குத்தி கூட தெரியுது

மீனா: அம்மா சிரிக்கிற போட்டோ ஒண்ணு இருக்குமே, பவி கல்யாணத்துல எடுத்தது

பவித்ரா: அதுல பின்னாடி பஞ்சுமிட்டாய் ஸ்டால் தெரியும் அத்தை 😄

ராஜேந்திரன்: 🙏🙏🙏 நல்லா இருக்கு. அடிக்கச் சொல்லு

சேதுராமன்: நிறுத்துங்க. 1944 இல்லை, 1942. மிட்டாயும் நடந்திருக்க வாய்ப்பில்லை. விவரமா எழுதுறேன்

பவித்ரா: போச்சு

கார்த்தி: சித்தப்பா ரெண்டு வரி போதும்

மீனா: சாமான் லிஸ்ட் யார்ட்ட இருக்கு?

சரசு: எங்கிட்ட. நவதானியம் மட்டும்தான் பாக்கி

*காலை 9:41*

சேதுராமன்: பகுதி 1. ஜப்பான்காரன் பெர்ல் ஹார்பரை அடிச்சது 1941 டிசம்பர் 7. நம்ம பக்கத்துக் கணக்குல 8. அதே நாள்ல மலேயாவுல கோத்தா பாருவுலயும் படையை இறக்கிட்டான். 10-ம் தேதி பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ்னு ரெண்டு பெரிய போர்க்கப்பலை விமானத்தாலயே மூழ்கடிச்சான். ரங்கூன் மேல முதல் குண்டு டிசம்பர் 23, மறுபடி கிறிஸ்துமஸ் அன்னைக்கு. "வெள்ளிக் கொக்கு மாதிரி வரிசையா வந்துச்சு"ன்னு அம்மா சொல்வாங்களே, அது இதுதான். குண்டு போட வர்றான்னு தெரியாம ஜனம் தெருவுல நின்னு அண்ணாந்து வேடிக்கை பாத்திருக்கு. சாவு அத்தனை விழுந்ததுக்கு அதுதான் காரணம். துறைமுகத்துல மூட்டை தூக்கின நம்ம ஆளுக அன்னைக்கு ராத்திரியே ஊரை விட்டு நடக்க ஆரம்பிச்சாச்சு.

வேலாயுதம்: எம்டன் கப்பல் குண்டு போட்டப்பதான அத்தை கிளம்புனாங்க?

சேதுராமன்: மாப்ளே அது முதல் உலகப் போர். 1914 செப்டம்பர் 22. குண்டு விழுந்தது மெட்ராஸ்ல, எரிஞ்சது பர்மா ஆயில் கம்பெனி டாங்கி. அம்மா பிறக்கவே இன்னும் 20 வருஷம் இருக்கு

வேலாயுதம்: பர்மான்னு வருதுல்ல அதான் 😀

பவித்ரா: இங்க சிங்கப்பூர்ல வருஷா வருஷம் பிப்ரவரி 15 சாயங்காலம் 6:20க்கு சைரன் ஊதுவாங்கப்பா. அதுவும் இந்தப் போர்தானே?

சேதுராமன்: அதேதான்டா. 1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர்ல வெள்ளைக்காரன் சரணடைஞ்ச நாள். அங்க பிடிபட்ட இந்தியச் சிப்பாய்ங்களை வச்சுத்தான் ஐ.என்.ஏ.வே, அதான் பின்னால நேதாஜி நடத்துன இந்திய தேசிய ராணுவம், ஆரம்பிச்சது. அது பகுதி 4-ல வருது

கார்த்தி: 4 ஆ 😳

ராஜேந்திரன்: வேன் பேசியாச்சா?

வேலாயுதம்: 17 சீட்டர். மதுரையிலேருந்து நாங்க 11 பேரு. வழியில யாரையாச்சும் ஏத்தணும்னா இப்பவே சொல்லுங்க

*காலை 10:20*

சேதுராமன்: பகுதி 2. பர்மாவுக்குள்ள ஜப்பான்காரன் ஜனவரியில தாய்லாந்துப் பக்கமா நுழைஞ்சான். ரோட்டை நம்பி நின்ன படைக்கு, காட்டுக்குள்ள புகுந்து பின்பக்கம் போய் ரோட்டை மறிக்கிறதுதான் அவன் வித்தை. மௌல்மேன் ஜனவரி 31 போச்சு. அடுத்தது சிட்டாங் ஆறு, அதுல ஒரே ஒரு ரயில் பாலம். பிப்ரவரி 23 விடியக்காலம், எதிரி கைக்குப் போயிடக் கூடாதுன்னு வெள்ளைக்காரனே அதை வெடி வச்சுத் தகர்த்துட்டான். 17-வது இந்திய டிவிஷன்ல பெரும்பகுதி இன்னும் அந்தக் கரையில நிக்குது! துப்பாக்கியைப் போட்டுட்டு நீந்துனவன் தப்பிச்சான். அதோட ரங்கூன் கதை முடிஞ்சது. மார்ச் 8 ஜப்பான்காரன் ஊருக்குள்ள. ஆக 1942 மார்ச்சுக்கு முன்னாடியே நம்ம தாத்தா குடும்பத்தோட ரங்கூனைக் காலி பண்ணிட்டார். இதுல 1944 எங்கேருந்து வந்தது கார்த்தி?

கார்த்தி: அப்பா சொன்னாரு

ராஜேந்திரன்: அம்மாதான் சொன்னாங்க. நான் மூத்தவன், எனக்குத் தெரியாதா

சேதுராமன்: அண்ணே, அம்மா 44-ல நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துல அரிச்சுவடி எழுதிட்டிருந்தாங்க

மீனா: அம்மா வலது கணுக்கால்ல கறுப்பா ஒரு தழும்பு இருக்கும். அட்டை கடிச்சதைப் பிச்சு எடுத்து, புண்ணாகி, மாசக்கணக்கா ஆறலையாம். மருதாணி வைக்கும்போது அதை மட்டும் மறைக்கச் சொல்வாங்க

சரசு: ஆமா. நானும் பாத்திருக்கேன்

சேதுராமன்: பகுதி 3, சுருக்கமா. ரங்கூன்லேருந்து ப்ரோம், மாண்டலே, மோன்யுவா. அங்க சிந்துவின் ஆத்துல படகு. கலேவாவுல இறங்கி கபா பள்ளத்தாக்கு வழியா தமு, பாலேல், இம்பால். பிறகு திமாப்பூர்ல ரயில், கல்கத்தா, மெட்ராஸ். காலரா, மலேரியா, தண்ணி கிடையாது. பர்மாவுலேருந்து நடந்து கிளம்புன இந்தியர்கள் லட்சக்கணக்கு, வழியில விழுந்தவங்க பத்தாயிரக்கணக்கு. வெள்ளைக்காரனுக்கு ஒரு வழி, நம்ம ஆளுக்கு ஒரு வழின்னு பிரிச்சு விடுறான்னு அப்பவே இங்க தலைவர்கள் சத்தம் போட்டாங்க. அதே ரோட்டுலதான் பின்னால வெள்ளைக்காரப் பட்டாளமும் தோத்து ஓடி வந்தது. மாண்டலே மே 1 விழுந்தாச்சு. சித்திரை வருஷப் பிறப்பு அன்னைக்குக் காட்டுல பொரி மட்டும் தின்னோம்னு அம்மா சொல்வாங்கல்ல? அது ஏப்ரல் நடுவுல. இம்பால் மேல ஜப்பான்காரன் குண்டு போட்டது மே 10, அம்மா அதைப் பாக்கலை. அதுக்குள்ள ரயில் ஏறிட்டாங்க. இப்ப மிட்டாய்க்கு வர்றேன்.

பவித்ரா: 🍿

சேதுராமன்: 1942-ல நேதாஜி ஜெர்மனியில! 1943 பிப்ரவரியில கீல் துறைமுகத்துல நீர்மூழ்கிக் கப்பல் ஏறி, மடகாஸ்கர் பக்கத்துல நடுக்கடல்ல ஜப்பான் நீர்மூழ்கிக்கு மாறி, ஜூலையில சிங்கப்பூர் வந்தார். ரங்கூனுக்குத் தலைமையகத்தை மாத்துனது 1944 ஜனவரி. அம்மாவுக்கு எங்க வச்சு மிட்டாய் கொடுத்திருப்பார், சொல்லுங்க

ராஜேந்திரன்: அப்ப அம்மா பொய் சொன்னாங்கன்றியா. பதினாறு கூட முடியலை

மீனா: சேது அண்ணே கொஞ்சம் விடுங்களேன்

மாணிக்கம்: இவ்வளவு நேரம் பேசாம பாத்துட்டிருந்தேன். அந்த மிட்டாய் எங்க அப்பா வாங்குனது

வேலாயுதம்: வந்துட்டாரு முறைப்பையன் 😄

மீனா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மாணிக்கம்: ராஜேந்திரன் அத்தானுக்கும் தெரியும். அத்தைக்கு அண்ணன் முத்தையான்னு ஒருத்தர் இருந்தார்ல, எங்க அப்பா. அந்த நடைல அவர் இல்லை. ஏன்னு யாராவது சொல்றீங்களா?

*காலை 11:05*

மாணிக்கம்: யாரும் சொல்ல மாட்டீங்க. அரிசி மில்லு சாவியை அப்பா கையில குடுத்துட்டு, முதலாளி வர்ற வரைக்கும் பாத்துக்கன்னு சொல்லிட்டு தாத்தா கிளம்பிட்டார். அப்பாவுக்கு அப்ப வயசு 17. முதலாளி வரவே இல்லை

சரசு: அது அந்தக் காலத்து நிலைமை தம்பி

மாணிக்கம்: நான் குறை சொல்லலை மதினி. ஃபிளெக்ஸ்ல அப்பா கதையை அத்தை பேர்ல போடாதீங்கன்றேன். அவ்வளவுதான்

சேதுராமன்: மாணிக்கம் சொல்றதுல தேதி இடிக்கலை. முத்தையா மாமா 44-ல ரங்கூன்ல இருந்தார், ஐ.என்.ஏ.வுல சேந்தார். அந்த மார்ச் மாசம் ஜப்பான் தளபதி முடாகுச்சி 3 டிவிஷனோட சிந்துவினைத் தாண்டி இம்பால், கோஹிமா மேல பாய்ஞ்சான். ஐ.என்.ஏ.வோட காந்தி, ஆசாத் ரெஜிமென்ட் ரெண்டும் தமு, பாலேல் ரோட்டுல. புரியுதா? அம்மா 42-ல எந்த ரோட்டுல இந்தியாவுக்குள்ள வந்தாங்களோ அதே ரோட்டுல ரெண்டு வருஷம் கழிச்சு மாமா துப்பாக்கியோட வந்திருக்கார். பாலேலைத் தாண்ட முடியலை

பவித்ரா: அப்பா இதை எனக்கு நீங்க சொன்னதே இல்லையே

சேதுராமன்: யாரு கேட்டீங்க

கார்த்தி: ஏன் தாண்ட முடியலை?

சேதுராமன்: இப்ப கேள்வி கேட்டுட்டு அப்புறம் நீளமா எழுதுறேன்னு சொல்லக் கூடாது. சோறுதான் காரணம். மூணு வாரத்துல இம்பாலைப் பிடிச்சு வெள்ளைக்காரன் கிட்டங்கியிலேயே சாப்பிட்டுக்கலாம்னு முடாகுச்சி கையில கொஞ்சந்தான் கொண்டு வந்தான். எதிர்ல இருந்தவன் வெள்ளைக்காரத் தளபதி ஸ்லிம். 42-ல இதே காட்டு வழியா தோத்து ஓடி வந்தவன், கத்துக்கிட்டுத் திரும்பியிருந்தான். சுத்தி வளைச்சாலும் பின்வாங்கலை. பர்மா மேற்குக் கரையில இருக்கிற அரக்கான்லேருந்து ஒரு டிவிஷனையே விமானத்துல தூக்கிட்டு வந்து இம்பால்ல இறக்கினான், சாப்பாடும் ஆகாயத்துலயே வந்தது. கோஹிமாவுல கலெக்டர் பங்களா டென்னிஸ் கோர்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒருத்தன் அந்தப் பக்கம் ஒருத்தன் நின்னு அடிச்சுக்கிட்டாங்க. ஜூன் 22 கோஹிமா-இம்பால் ரோடு திறந்தது. ஜூலையில மழையோட மழையா ஜப்பான்காரன் பின்வாங்குறான். 30,000 பேருக்கு மேல செத்தான், குண்டை விடப் பசியும் சீக்கும்தான் அதிகம் கொன்னது. அதுல நடந்து திரும்புனவர் மாமா

மாணிக்கம்: புல்லைப் பறிச்சு வேகவச்சுத் தின்னோம்னு அப்பா சொல்வார். கடைசி வரைக்கும் வீட்டுல கீரை வாங்க விட மாட்டார், அம்மாவோட தினம் சண்டை

வேலாயுதம்: சரி அந்த மிட்டாய்?

மாணிக்கம்: ரங்கூன்ல நேதாஜி பேசுன கூட்டத்துல குடுத்தாங்களாம். அவர் கையால கூட இல்லை, வாலண்டியர் கையால

பவித்ரா: 😂😂

கார்த்தி: வாலண்டியர் கையால மிட்டாய் வாங்கியவரின் தங்கைன்னு போட்டுரவா

ராஜேந்திரன்: கார்த்தி. வாயை மூடு

*மதியம் 1:30*

மாணிக்கம்: இன்னொண்ணு. 45 ஏப்ரல்ல நேதாஜி ரங்கூனை விட்டுக் கிளம்புனப்ப, ஊர்ல கொள்ளை நடக்காம பாத்துக்கன்னு மேஜர் ஜெனரல் லோகநாதன் தலைமையில சில ஆயிரம் பேரை விட்டுட்டுப் போனார். அதுல அப்பாவும் உண்டு. மே 3 வெள்ளைக்காரன் வந்து எல்லாரையும் கைதாக்கினான். அந்தக் காகிதம் எல்லாம் பர்மா தேக்குப் பெட்டியில இருந்தது. பெட்டி யார் வீட்டுல இருக்கு?

மீனா: ஆரம்பிச்சாச்சு

ராஜேந்திரன்: பெட்டி எங்க வீட்டுலதான் இருக்கு. யாரும் தூக்கிட்டுப் போகலை. சாவிதான் இல்லை

மாணிக்கம்: தியாகி பென்ஷனுக்கு எழுதிப் போட்டப்பவும் சாவி இல்லைன்னுதான் சொன்னீங்க அத்தான். அப்பாவே போயாச்சு, இன்னும் சாவி கிடைக்கலையா

சரசு: அதுக்குள்ள பழைய பட்டுச்சேலையும் ரெண்டு பித்தளைச் சொம்பும்தான் இருக்கும். அத்தையே சொல்லியிருக்காங்க

மாணிக்கம்: திறக்காமலே தெரியுதா மதினி

சேதுராமன்: மாப்ளே, கருமாதி அன்னைக்கு ஒரு ஆசாரியைக் கூட்டிட்டு வந்து திறந்துரலாம். நானும் இருக்கேன்

ராஜேந்திரன்: கருமாதி அன்னைக்கா? காரியம் பாக்கவா பெட்டி பாக்கவா? மறுநாள் வச்சுக்குங்க

வேலாயுதம்: மறுநாள் கறி விருந்து. வேன் அன்னைக்கு மத்தியானமே திரும்பணும், வாடகை ஏறும்

மீனா: சாவி அம்மா சுருக்குப் பையில இருந்துச்சு. ஆஸ்பத்திரியில வச்சு நான் பாத்தேன்

ராஜேந்திரன்: அந்தப் பை யார்கிட்ட?

மீனா: சரசு மதினி வாங்கி வச்சாங்க

சரசு: நான் வாங்குனது கம்மல் மட்டும்

*மாலை 5:22*

கார்த்தி: கடைக்காரர் மூணாவது தடவை கூப்பிடுறார். புது வாசகம்: "ரங்கூனில் பிறந்து, 1942-ல் எட்டு வயதில் பர்மாவிலிருந்து காடு மலை கடந்து நடந்தே தாயகம் வந்த எங்கள் குலவிளக்கு". மிட்டாயைத் தூக்கிட்டேன்

ராஜேந்திரன்: யாரைக் கேட்டுத் தூக்குன? ஊரே அதைச் சொல்லித்தான் அம்மாவைப் பேசும்

பவித்ரா: பெரியப்பா, காட்டைத் தாண்டி வந்ததை விட மிட்டாயா பெருசு?

மாணிக்கம்: தூக்குனது சரி. கீழே "ஐ.என்.ஏ. வீரர் முத்தையாவின் அன்புத் தங்கை"ன்னு ஒரு வரி. முடிஞ்சா சின்னதா போட்டோ

ராஜேந்திரன்: வரி வேணும்னா போடு. போட்டோ வேண்டாம். அவர் செத்து 35 வருஷம் ஆச்சு, புதுசா செத்த மாதிரி ஊர் நினைக்கும்

சேதுராமன்: "காடு மலை" போதாது கார்த்தி. ரங்கூன், மாண்டலே, தமு, இம்பால்னு வழியைப் போடு

கார்த்தி: சித்தப்பா ஃபிளெக்ஸ் 6க்கு 4 தான்

சேதுராமன்: அப்ப பின்னாடி ஒரு மேப்

மீனா: அப்ப நான் சொன்ன சிரிக்கிற போட்டோ?

வேலாயுதம்: வேன்ல இன்னும் 6 சீட்டு இருக்கு. மாணிக்கம் மச்சான் திருப்பத்தூர்ல நின்னா ஏத்திக்கிறோம்

மாணிக்கம்: நான் வர்றதே இன்னும் முடிவாகலை

ராஜேந்திரன்: 🎤 குரல் பதிவு 0:52

மீனா: அண்ணே இப்படியா பேசுறது

கார்த்தி: போட்டோ இல்லாம, வரியோட அனுப்பிட்டேன். கடைக்காரர் முத்தையாவுக்கு "தியாகி" போடவா "வீரர்" போடவான்னு கேக்குறார்

மாணிக்கம்: தியாகி

ராஜேந்திரன்: வீரர்

சரசு: இலை 300 போதுமா? யாராச்சும் சொல்லுங்கப்பா

சேதுராமன்: பகுதி 5 பாக்கி இருக்கு. மெய்க்டீலா, மாண்டலே திரும்பப் பிடிச்சது, 1945 மார்ச். ராத்திரி போடுறேன்